லிந்தாங் எந்தப் பக்கம் பார்க்கிறாள்?

"இடமா, வலமா? ஏதாவது ஒரு பக்கம் திரும்பேன்டி தங்கம்!"

வெனிங் கெஞ்சினாள். அட்டைக்கு அந்தப் பக்கம், அம்மா மடியில் இருந்த நான்கு மாத லிந்தாங் இடப்பக்கமும் திரும்பவில்லை, வலப்பக்கமும் திரும்பவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யோக்யகர்த்தா நகரின் கண் மருத்துவமனை ஒன்றில் பதினொரு வருடமாக வெனிங்குக்கு இதுதான் வேலை. இன்னும் பேச்சு வராத குழந்தைகளிடம் "உனக்கு என்ன தெரிகிறது?" என்று கேட்டுப் பதில் வாங்குவது. நீளமான சாம்பல் நிற அட்டை. அதன் ஒரு பாதியில் கறுப்பு வெள்ளைக் கோடுகள், மறு பாதி வெறுமை. நடுவில் பாசிப்பயறு அளவுக்கு ஓர் ஓட்டை. அட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அந்த ஓட்டை வழியாகக் குழந்தையின் கண்ணைக் கவனிக்க வேண்டும். கோடு தெரிகிற குழந்தை கோட்டுப் பக்கம் திரும்பும்.

கோடு எந்தப் பக்கம் என்று அட்டையைப் பிடிப்பவளுக்கே தெரியக் கூடாது. அதற்காக அட்டைகளைக் கவிழ்த்துப்போட்டுக் கலைத்துவிடுவார்கள். அறையில் இருக்கும் பெரியவர்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் குழந்தைதான்.

அந்தக் கண் திரும்பும் நொடியில் வெனிங்குக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும். பின்னே என்ன? போன மழைக்காலத்தில் வயிற்று இருட்டுக்குள் சுருண்டு கிடந்த உயிர். பிறந்த புதிதில், மார்புக்கும் அம்மா முகத்துக்கும் நடுவே உள்ள ஒரு சாண் தூரம்தான் அதற்கு உலகம். அந்த உலகம் நாளொரு விரற்கடையாக அகன்று, இன்றைக்கு மயிரிழைக் கோட்டைத் தேடிப் பிடிக்கிறது. யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஆனால் லிந்தாங்கின் கண் திரும்பவில்லை. ஐந்து அட்டைகள் போய்விட்டன.

"கண்ணைத் திறக்கலாமா இபு?" என்றாள் அம்மா ரத்ரி. அங்கே பெண்களை மரியாதையாக 'இபு' என்பார்கள், ஆண்களை 'பாக்'. குழந்தைக்குத் தாய் ஜாடை காட்டிவிடக் கூடாதென்று அவள் கண்ணை மூடச் சொல்லியிருந்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கம்மா."

"என் மொகத்தப் பார்க்கவே மாட்டேங்குறா இபு. பால் குடிக்கறப்பகூட என் தோளைத்தான் பார்க்குறா. தெரியலன்னா என்ன பண்ணுவீங்க?"

தெரியவில்லையென்றால் ஜகார்த்தாவின் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பது வெனிங்குக்குத் தெரியும். அங்கே மயக்க மருந்து கொடுத்து, இமையை விரித்து உள்ளே பார்ப்பார்கள். இத்தனூண்டு உயிருக்கு.

"சும்மா பயப்படாத. அவ கூடப்பொறந்த நாலு பேரோட விளையாடுறா" என்றார் அப்பா விகுனோ. ஒவ்வொரு பிள்ளையோடும் கண்ணுக்குத் தெரியாத நான்கு உடன்பிறப்புகள் பிறந்து வருவார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

"அந்த நாலு பேரைப் பார்க்கத் தெரியுது, பெத்தவளைப் பார்க்கத் தெரியலையா?" என்று கண்ணை மூடியபடியே சீறினாள் ரத்ரி.

விகுனோவின் குரல் தன் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்ததும் வெனிங்குக்குச் சுரீரென்றது. திரும்பிப் பார்த்தாள். விகுனோ அரண்மனைச் சேவகர். வேலை முடிந்து நேராக வந்திருந்தார். வெறுங்கால், உடம்பு முழுக்க நீலமும் கறுப்புமாய்க் கோடு போட்ட அரண்மனைச் சட்டை.

"பாக் விகுனோ! என் அட்டையில இருக்கறது ஒரு சாண் கோடு. நீங்க ஆளுயரக் கோடா எனக்குப் பின்னாடி நின்னா புள்ள எதைப் பார்க்கும்? மனைவிக்குப் பின்னால போங்க!"

விகுனோ பதறி, குந்தி உட்கார்ந்து, வாத்து போலத் தத்தித் தத்தி நகர ஆரம்பித்தார்.

"இது அரண்மனை இல்ல. எழுந்து நடங்க!"

"நீங்கள்லாம் உட்கார்ந்திருக்கறப்ப நான் எப்படி இபு நிமிர்ந்து நடக்கறது?"

அவர் போய்ச் சேர்வதற்குள் மேசைமேல் இருந்த அட்டைகளைத் தட்டிவிட்டார். பொறுக்கி, மறுபடி கலைத்து, மறுபடி ஆரம்பித்தார்கள். குழந்தை நேராகவே பார்த்தது.

"அந்தச் சட்டையையும் மறைச்சிடுங்க."

ரத்ரி தன் தோளில் கிடந்த, பிள்ளை தூக்கும் துணியை உருவிக் கணவனிடம் நீட்டினாள். அவர் போர்த்திக்கொண்டார். அதுவும் கைத்தறிக் கோட்டுத் துணிதான். இப்போது நெடுக்கிலும் கோடு, குறுக்கிலும் கோடு.

சுவரோரம் தரை துடைத்துக்கொண்டிருந்த கியெம் களுக்கென்று சிரித்தாள். "இபு, ஒண்ணு சொல்லட்டுங்களா?"

"ஷ்! சத்தம் போட்டா புள்ள கவனம் சிதறும்."

ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கிறதோ? வெனிங் அட்டையோடு முழங்காலில் இடப்பக்கம் நகர்ந்தாள். ஓட்டை வழியே பார்த்தாள். கண் அதே நேர்ப் பார்வை. வலப்பக்கம் நகர்ந்தாள். அப்போதும் நேராகத்தான்.

காற்றாடியை நிறுத்தினாள். சுவரில் இருந்த நாள்காட்டியைக் கழற்றினாள். மேற்கூரைப் பல்லியை விகுனோவின் தலைப்பாகையை வாங்கி வீசி விரட்டினாள். கடைசியாக, சாம்பல் நிறப் போர்வையைக் கயிற்றில் தொங்கவிட்டு, குழந்தையையும் தாயையும் தன்னையும் சுற்றி ஒரு கூடாரமே கட்டிவிட்டாள். தரை துடைத்தபடி கியெமும் அதற்குள் மாட்டிக்கொண்டாள்.

"இபு, நான் சொல்றது..."

"அப்புறம் கியெம்!"

இப்போது அங்கே வேறு எதுவும் இல்லை. சாம்பல் நிறப் போர்வை, சாம்பல் நிற அட்டை, நடுவில் ஓர் ஓட்டை. வெனிங் அட்டையை நெருக்கினாள். நடுவே இருந்த கண் இமைக்கக்கூட இல்லை. முன்பாவது குழந்தை எப்போதாவது கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் நின்றுவிட்டது. மேலே தூக்கினாள், கீழே இறக்கினாள், எங்கே கொண்டுபோனாலும் அந்தப் பார்வை ஆணி அடித்ததுபோல ஒரே இடத்தில்.

வெனிங் அட்டையை மெல்லக் கீழே வைத்தாள். பதினொரு வருடத்தில் இந்த வாக்கியத்தைச் சொல்ல அவளுக்குப் பழக்கமே வரவில்லை.

"கண்ணைத் திறந்துக்கம்மா. நீ மனசைத் திடப்படுத்திக்கணும். எந்தப் பக்கம் கோடு காட்டினாலும் பாப்பா கண்ணு கொஞ்சங்கூட அசைய மாட்டேங்குது."

போர்வைக்கு வெளியே விகுனோ பொத்தென்று உட்காரும் சத்தம் கேட்டது. ரத்ரி குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அழுகைகூட வரவில்லை அவளுக்கு.

துடைப்பத் துணியை வாளிக்குள் ஓங்கிப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள் கியெம்.

"கோட்டுத் துணியிலயே பொறந்து வளர்ற புள்ளைக்கு உங்க கோடு எதுக்கு இபு? அவ கண்ணு அசையாம என்ன, நீங்க அட்டையோட எந்தப் பக்கம் நகர்ந்தாலும், பாசிப்பயறு ஓட்டைக்குள்ள மின்னுற உங்க கண்ணைத்தான் அப்போலேர்ந்து விடாம துரத்திக்கிட்டு வர்றா!"