வெள்ளக் கோட்டுக்கு மேலே

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு, டிசம்பர் மாதம் பதினேழாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. காத்தான்குடியில் வானம் மப்பும் மந்தாரமுமாகக் காணப்பட்டது. வாவிப் பக்கமிருந்து குளிர்காற்று வீசியது. விடியற்காலை தொடக்கம் தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது.

இத்தகையதொரு காலைப் பொழுதில் உசனார் தமது மண்டபத்துச் சோபாவில் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் எதிர்ச் சுவரைக் கூர்ந்து நோக்கிக்கொண்டிருந்தார். சுவரருகே பென்சிலும் கையுமாக நின்றவர் அவரது தங்கை கணவரான மைத்துனர் றிஸ்லான். பிடவைக் கடை வைத்திருப்பவர். சுவரில் துளையிடும் இயந்திரம் ஒன்றுக்கும் சொந்தக்காரர்.

"இன்னம் கொஞ்சம் கீழ மச்சான்... கீழ... ஆ! அதான்! அதான் என்ட கண்ணுக்கு நேர். போடு அடையாளத்த!"

"சாஞ்சி இருந்து பாருங்க மச்சான். மெச் தொடங்கினா நீங்க இப்பிடி ஆமிக்காரன் மாதிரியா நிமிந்து இருக்கப் போறீங்க?"

"சாஞ்சா கண்ணு மாறுமே! உட்ராத, பென்சில எடுக்காத, இப்ப சாயிறன்... இப்ப பாரு!"

உசனாரின் நெஞ்சு சிறுபிள்ளையினுடையதைப் போலப் படபடத்தது. அதற்கு நியாயமான காரணம் இருந்தது.

பதினெட்டு ஆண்டுகள் குவைத்தில் உழைத்துவிட்டு, அவர் நிரந்தரமாக ஊர் திரும்பி இரண்டு வாரங்களே ஆகியிருந்தன. அவர் வாழ்ந்த வீடோ அவரது மனைவி றஸீனாவின் வீடு. அவ்வூர் வழக்கப்படி, பெண்ணுக்குச் சீதனமாக அவளது தகப்பனார் கட்டிக் கொடுத்தது. கதவின் நிறம் முதற்கொண்டு கிணற்றடிக் கல் வரை எதனையும் உசனார் தெரிவு செய்ததில்லை. லீவில் வரும்போதெல்லாம் கலண்டர் கொழுவ ஓர் ஆணி அடிக்கப் போனாலும், "ஐயோ, வாப்பா பாத்துப் பாத்துக் கட்டின செவர்!" என்று ஒரு குரல் குசினியிலிருந்து கேட்கும். எனவே அவர் அவ்வீட்டில் ஒரு கண்ணியமான விருந்தாளியாகவே காலம் கழித்தார் எனின் அது மிகையாகாது.

ஆனால் கார்கோவில் வந்த ஐம்பத்தைந்து அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டியைக் கண்டதும் றஸீனாவின் மனம் இளகியது.

"எந்த உசரத்துல கொழுவுறதெண்டு நீங்களே முடிவெடுங்க. நான் ஒண்டும் பேச மாட்டன்" என்று அவள் திருவாய் மலர்ந்தருளினாள்.

அந்தச் சந்தோசத்தில் உசனார் ஒரு காரியம் செய்தார். அன்று பிற்பகல் மூன்றரைக்கு, ஊர் உதைபந்தாட்டக் கழகம் கொழும்பில் இறுதிப் போட்டியில் விளையாடவிருந்தது. பந்துக் காப்பாளன் வேறு யாருமல்லன். றஸீனாவின் தம்பி மகன் இஷாம். உசனார் பள்ளிவாசல் வாசலில் நின்று நண்பர்கள் நால்வரிடம், "மூணு மணிக்கெல்லாம் எல்லாரும் என்ட ஊட்ட வாங்க! பெரிய டீவி! பகல் சாப்பாட்டயும் கொஞ்சமாத் திண்டுட்டு வாங்க, றஸீனா ரொட்டியும் கோழிக்கறியும் ஆக்குவா!" என்று அறிவித்துவிட்டார்.

'என்ட ஊடு' என்ற சொற்றொடர் அவரது வாயிலிருந்து வெளிப்பட்டது அதுவே முதற் தடவையாகும். அதனை மெய்ப்பித்துக் காட்ட வேண்டிய பொறுப்பு இப்போது அந்தச் சுவரின் மேல் இருந்தது.

இயந்திரம் உறுமியது. நான்கு துளைகள் விழுந்தன. றஸீனா தேநீருடன் வந்தாள். துளைகளைப் பார்த்தாள், சோபாவைப் பார்த்தாள், பின்னர் திரும்பி, சோபாவுக்குப் பின்னாலிருந்த குசினிச் சுவரையும் பார்த்தாள். அச்சுவரின் மேற்பகுதியில், காற்றுப் போவதற்காகத் துளைக் கற்கள் வைத்துக் கட்டப்பட்டிருந்தது. கறி மணம் மண்டபத்துக்கு வருவது அதன் வழியாகத்தான்.

"எத்தின பேர் வாறாங்க?"

"நானும் மச்சானும் சேத்தா ஆறு பேர். வரிசையா இந்தச் சோபாவுலதான் இரிப்பம்."

"ம்" என்றாள் றஸீனா. "இந்த ஸ்குறூ ஆணியெல்லாம் காணாது போல. ரெண்டு பேருமாப் போய் நீட்டா வாங்கிட்டு வாங்களன். பெட்டி உழுந்தா மறுகா அழுதும் வேலையில்ல."

மனைவியின் அக்கறை உசனாரைப் பூரிக்கச் செய்தது. இருவரும் ஹாட்வெயார் கடைக்குச் சென்று திரும்பினர். திரும்பியபோது சுவரில் ஒரு கோடு இருந்தது.

அது கபில நிறக் கோடு. சுவரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை, உசனாரின் நாடி உயரத்தில் அது நேராக ஓடிற்று.

"இது என்ன கோடு? காலத்தால இரிக்கலையே!"

"காலத்தால இருட்டு. நேத்து வரைக்கும் பீங்கான் அலுமாரி மறச்சிக்கிட்டு நிண்ட. இது வெள்ளக் கோடுங்க. பதினோராம் ஆண்டு வெள்ளம்."

"இவ்வளவு உசரத்துக்கா? போன்ல நீ 'கொஞ்சம் தண்ணி' எண்டுதானே சொன்ன!"

"குவைத்துல இரிக்கிற மனிசனுக்கு வேற என்னத்தச் சொல்ற? நீந்தியா வரப் போறீங்க?"

"பெயின்ற் அடிச்சதுதானே புள்ள?"

"மூணு தரம் அடிச்ச. எவ்வளவு அடிச்சாலும் ஊறி ஊறி வருது."

உசனார் விரலால் கோட்டைத் தொட்டார். விரல் நனைந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாகியும் காயாத ஈரம்! தாம் ஏசி அறையில் உறங்கிய இரவொன்றில், தம் மனையாள் நாடியளவு நீரில் நின்றிருக்கிறாள். திரும்பிப் பார்த்தார். றஸீனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள்கள் குலுங்க நின்றாள். பாவம், பழைய துயரம்!

"அழாத புள்ள. இனி நான் இரிக்கன். டீவிய வெள்ளக் கோட்டுக்கு மேலதான் கொழுவுவன். இது என்ட முடிவு!"

"உங்கட முடிவுக்கு மேல நான் என்னத்தச் சொல்ற" என்று கூறி அவள் விரைந்து உள்ளே சென்றாள்.

மீண்டும் நான்கு துளைகள். பெட்டி கோட்டுக்கு மேலே ஏறியது. உசனார் சோபாவில் அமர்ந்து பார்த்தார். கழுத்து பின்னோக்கி மடிந்தது.

"பல்லு டொக்டர்ட கதிரையில இரிக்கிற மாதிரி இரிக்கி மச்சான்" என்றார் றிஸ்லான், வாயைத் திறந்தபடியே.

"டீவிய எறக்க ஏலாது. அப்ப நாமதான் ஏறணும்!"

உசனாரின் மூளை அன்று மின்னல் வேகத்தில் இயங்கியது. வளவில் மதில் கட்டுவதற்கென அடுக்கியிருந்த கொங்கிறீட் கற்கள் உள்ளே வந்தன. சோபாவின் கால்கள் அவற்றின் மேல் ஏற்றப்பட்டன. இருவரும் முக்காலி வைத்து ஏறி அமர்ந்தனர். கால்கள் அந்தரத்தில் ஆடின. ஆயினும் கண்கள் திரைக்கு நேராக இருந்தன!

"எப்பிடி?" என்றார் உசனார் வெற்றிப் பெருமிதத்துடன்.

"யானையில போற மாதிரி இரிக்கி."

அவ்வேளை குசினிக்குள்ளிருந்து றஸீனா எட்டிப் பார்த்தாள். உயர்ந்து நின்ற இரு தலைகளையும் கண்டதும் அவள் முகம் வாடிற்று.

"இஞ்சேருங்க... ஒண்டு சொல்ல மறந்திட்டன். அந்தக் கோடு தண்ணி நிண்ட கோடு. அலை அடிச்சது அதுக்கும் மேல ரெண்டு சாண்."

"ஊட்டுக்குள்ள அலையா?"

"றோட்டால ட்ரெக்டர் போனா அலை அடிக்காதா? அந்த நேரம் அரிசி மூடை ஏத்திக்கிட்டு ட்ரெக்டர் மேல ட்ரெக்டரா ஓடின!"

ட்ரெக்டர் ஓடிய நாளில் உசனார் ஊரில் இல்லை. மேலும் நான்கு துளைகள் விழுந்தன. றஸீனாவின் வாப்பா பார்த்துப் பார்த்துக் கட்டிய சுவர், இடியப்பத் தட்டைப் போலாயிற்று. பெட்டி ஏறக்குறைய முகட்டைத் தொட்டது. சோபாவுக்கு இன்னுமொரு வரிசைக் கல் வைக்கப்பட்டது. றிஸ்லான் ஏறி அமர்ந்தார். மறுகணம் அவரது தொப்பி பறந்து அலுமாரியின் பின்னால் விழுந்தது.

"மச்சான், ஃபேன்! ஃபேன்! நிப்பாட்டுங்க! மண்ட போகப் போகுது!"

மின்விசிறி நிறுத்தப்பட்டது. புழுக்கம் தாங்காமல் யன்னல் திறக்கப்பட்டது. யன்னல் வழியே தூறலும் காதருகே ரீங்காரமிடும் நுளம்பும் ஒருங்கே உள்ளே பிரவேசித்தன. அப்போது மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

இதற்கிடையில் நண்பர் நால்வரும் வந்து சேர்ந்தனர். அவர்கள் முதலில் கண்டது சோபாவையல்ல, கோட்டையே.

"வெள்ளக் கோடா? இவ்வளவுதானா?" என்றார் ஒருவர். "எங்கட ஊட்ட யன்னலுக்கு மேல வந்த."

"யன்னலா? எங்கட மோட்டச் சைக்கிள முகட்டுலதான் கட்டி வச்ச!"

"நாங்க முகட்டுக்கு மேல தோணி கட்டின!"

வெள்ளம் என்று வந்துவிட்டால் அவ்வூரில் எவரும் அயலவரை விடக் குறைந்த நீரில் நின்றதாக ஒப்புக்கொள்வதில்லை. ஆகையால் அந்தக் கோட்டை ஐயுறுவார் ஒருவருமில்லாமற் போயினர். உசனார் மட்டும் ஒரு புதுமையைக் கவனித்தார். கோட்டின் வழியே எறும்புகள் சாரை சாரையாக ஊர்ந்துகொண்டிருந்தன.

"பாத்தீங்களா! எறும்புக்கும் தெரியிது வெள்ளம் வாற பாத. இந்த வருசமும் வரப் போகுது போல!"

"ஓம் உசனார் காக்கா, எறும்பு சும்மா வராது" என்று நண்பர்கள் அச்சத்துடன் தலையசைத்தனர்.

பின்னர் நால்வரும் முக்காலி வைத்துச் சோபாவில் ஏறத் தொடங்கினர். மூன்றாமவர் ஏறியதும் கற்கள் 'கடக்' என்றன. நான்காமவர் ஒரு காலை மட்டுமே வைத்தார். சோபா மெல்லச் சரிந்து, ஏறியவர் அனைவரையும் ஒருவர் மேல் ஒருவராகத் தரையில் கொட்டியது.

போட்டி தொடங்கப் பத்து நிமிடமே இருந்தது. உசனார் தலையில் கை வைத்தார். இத்தனை பேர் முன்னிலையில் 'என்ட ஊடு' என்ற சொல் நொறுங்கிக் கிடப்பதை அவர் கண்டார்.

"பாய விரிச்சி, தலகாணிய வச்சிப் படுத்துக்கிட்டுப் பாத்தா என்ன? கழுத்தும் நோகாது, ஃபேனும் போடலாம்" என்று குசினியிலிருந்து ஒரு குரல் மெதுவாகக் கேட்டது.

உசனார் துள்ளி எழுந்தார். "படுங்க! எல்லாரும் படுங்க! நான் முதல்லயே அத யோசிச்சித்தான் உசரமாக் கொழுவின!"

சோபா வெளிவிறாந்தைக்குத் தள்ளப்பட்டது. மின்விசிறி சுழன்றது. ஆறு கனவான்களும் பாயில் வரிசையாக மல்லாந்து படுத்தனர். என்ன அதிசயம்! முகட்டருகே இருந்த திரை அவர்களின் கண்களுக்கு மிகவும் கச்சிதமாக அமைந்தது.

"காக்கா, இது ராசாமார் பாக்கிற உசரம்!" என்றார் ஒருவர்.

அந்தச் சொல் உசனாரின் உள்ளத்தைக் குளிர்வித்தது. வீதியால் சென்ற மீன்காரர் ஒருவர் திறந்த வாசலால் எட்டிப் பார்த்து, வரிசையாகக் கிடந்த அறுவரையும் பிரேதங்கள் என்று எண்ணி, "யா அல்லாஹ்! ஒரே ஊட்டுல இத்தின மையித்தா!" என்று சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தார். உண்மை தெரிந்ததும் ஏழாவது ஆளாகப் பாயில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார்.

அவ்வேளையில் பின்வாசல் வழியாக, ரொட்டி தட்ட உதவுவதற்கென அடுத்த வீட்டு ஆயிஷா உம்மாவும் இன்னும் சில பெண்களும் குசினிக்குள் வந்திருந்தனர். ஆனால் ரொட்டி தட்டும் ஓசை எதுவும் மண்டபத்துக்குக் கேட்கவில்லை.

போட்டி அனல் பறந்தது. இரு பக்கமும் கோல் இல்லை. இறுதியில் தண்ட உதை வந்தது. எதிரணியின் கடைசி உதை. இதனைத் தடுத்தால் கிண்ணம் காத்தான்குடிக்கு! கம்பங்களுக்கிடையில் இஷாம் கைகளை விரித்து நின்றான். உசனார் தலையணையைக் கட்டிப் பிடித்தார்.

"மருமகன்... வலப் பக்கம் பாயி! வலப் பக்கம்!"

இஷாம் இடப் பக்கம் பாய்ந்தான். பந்து அவனது விரல் நுனியில் பட்டு வெளியே பறந்தது.

மண்டபத்திலிருந்தோர் வாய் திறப்பதற்கு முன்னமே குசினியிலிருந்து ஒரு பேரிரைச்சல் எழுந்தது. சட்டி உருண்டது. "என்ட தம்பிட மகன்! என்ட தங்கம்!" என்று றஸீனாவின் குரல் முகட்டைப் பிளந்தது.

ஏழு பேரும் பாயில் எழுந்து அமர்ந்து, குசினிச் சுவரைத் திரும்பிப் பார்த்தனர். அதன் துளைக் கற்களுக்குப் பின்னால், வரிசையாக, ஆனந்தக் கண்ணீர் மல்கும் கண்கள் தெரிந்தன.

"குசினிக்குள்ள இருந்து எப்பிடி இவங்களுக்கு...?" என்று உசனார் தொடங்கினார்.

அவர் முடிப்பதற்குள், சிரிப்பும் மூச்சுவாங்கலுமாக, ஆயிஷா உம்மா தேநீர்த் தட்டத்துடன் மண்டபத்துக்குள் வந்தார். நேரே சுவரை நோக்கியவர், எறும்புச் சாரையைக் கண்டு சட்டென நின்று, குசினிப் பக்கம் திரும்பிச் சத்தமிட்டார்:

"எல்லாம் சரி புள்ள றஸீனா, ஆம்புளயள்ட தலைக்கு மேலால நாம பாக்கிறதுக்கு நீ செவருல கோடு இழுத்த நேரம், சீனி போடாத தேத்தண்ணியால இழுத்திருக்கக் கூடாதா? எறும்பப் பாரு!"

அப்போது நேரம் சரியாகப் பிற்பகல் ஐந்து மணி இருபத்தெட்டு நிமிடம்.