முப்பத்து மூன்று கையெழுத்துகள்

எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. எங்கள் வீட்டுக்கு எண்பத்தாறு படிகள். நான் காலையில் விழுங்கும் மருந்துக் குளிசைகள் ஐந்து. இத்தனை கணக்குப் பார்க்கிறவன், மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கடிதத்தை எழுதுமுன் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

கீழ்வீட்டு மதாம் பிலார் ஸ்பெயின் நாட்டவர். எங்கள் கட்டிடத்தின் வாசற்காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தங்கை மகள் சொந்த ஊரில் மேயராகத் தெரிவானாள். அந்தக் கொண்டாட்டத்துக்கு அவர்களுடைய பெண்கள் சங்கம் ஒரு பஸ் பிடித்தது. என் மனைவி தவத்தையும் அழைத்தார். தவம் உடனே “ஓம்” என்றாள். நாற்பத்தொரு வருடங்களில் என்னைக் கேளாமல் அவள் சொன்ன முதல் ஓம் அது.

நான் கடதாசிகளைத் தேடத் தொடங்கினேன். (ஒரு கடதாசி குறைந்ததற்காகப் பிரெஞ்சு வதிவிட அனுமதி அலுவலகமான பிரெஃபெக்சூரில் மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டவனுக்கு வேறென்ன செய்யத் தோன்றும்?) எல்லையில் எதையாவது கேட்டுவிட்டால்? ஒரு கோப்புத் தயாரித்தேன். பதினொரு கடதாசிகள், எல்லாவற்றுக்கும் மூன்று பிரதிகள். ஒன்று நானே பிரெஞ்சில் எழுதியது.

எங்கள் வட்டாரத்து ஸ்டாலின்கிராட் சந்தியில் பஸ் நின்றது. தவத்தைச் சேர்க்காமல் முப்பத்திரண்டு பெண்கள். கோப்பை நீட்டினேன். மேலே இருந்ததைக் காப்புறுதிப் பத்திரம் என்று நினைத்து மதாம் பிலார் உரக்க வாசித்தார்:

“கீழே ஒப்பமிடும் கணவனாகிய நான், என் மனைவி ஏழு நாட்கள் ஸ்பெயினில் தங்குவதற்கு இத்தால் அனுமதி அளிக்கிறேன்.”

பஸ் முழுவதும் சிரிப்பு. தவம் பையோடு இறங்கிவிட்டாள்.

“நான் போகேல்லை. இந்த மனுசனாலை இத்தனை பேருக்கு முன்னாலை மானம் போனது காணும்.”

“இல்லையப்பா, எல்லையிலை கேட்டால் எண்டுதான்…”

“ஆர் கேக்கிறது? உங்களைத் தவிர ஆர் கேக்கிறது?”

மதாம் பிலார் மட்டும் சிரிக்கவில்லை. இறங்கி வந்து தவத்தின் கையைப் பிடித்தார்.

“இருபத்திரண்டு வயதில் இங்கே வேலைக்கு வர எனக்கும் இப்படி ஒரு கடிதம் வேண்டியிருந்தது. எங்கள் சர்வாதிகாரி காலத்தில் புருஷன் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை இல்லை, பாஸ்போர்ட் இல்லை. என்னுடையவர் போட எட்டு மாதம் எடுத்தார். இன்றைக்கு என் தங்கை மகள் ஊருக்கே கையெழுத்துப் போடுகிறாள். நீ வந்து பார்க்க வேண்டாமா?”

பிறகு என்னிடம் திரும்பினார். “மிஸ்யூ, பேனை இருக்கிறதா?”

என்னிடம் மூன்று இருந்தன.

என் கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதி வாசித்தார்: “கீழே ஒப்பமிடும் பெண்களாகிய நாங்கள், இந்தக் கணவர் ஏழு நாட்கள் வீட்டில் தனியே இருக்கவும், தானே சமைக்கவும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொலைபேசி எடுக்காமல் இருக்கவும் அனுமதி அளிக்கிறோம்.”

கடிதம் பஸ்ஸுக்குள் போய் முப்பத்திரண்டு கையெழுத்துகளோடு திரும்பியது. மதாம் பிலார் பேனையைத் தவத்திடம் நீட்டினார். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கையெழுத்திட்டாள்.

“ஒரு சுண்டு அரிசிக்கு ரெண்டு சுண்டு தண்ணி. எண்ணத் தெரியுந்தானே?” என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டாள்.

இரண்டு சட்டிகள் கருகின. எட்டாம் நாள் வந்த தவம், மேயரின் நாற்காலியில் இருந்து எடுத்த படத்தைக் காட்டினாள். அப்படிச் சிரித்துக்கொண்டு அவள் ஒரு படத்திலும் இருந்ததில்லை; எங்கள் கலியாண அல்பத்தின் நூற்றெட்டுப் படங்களையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். என் முட்டாள்தனத்தால் அந்தப் படம் இல்லாமல் போயிருக்கும். மதாம் பிலாருக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் கணக்குச் சரிவராது.

கடிதம் எங்கள் பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. பக்கத்து ரயில் நிலையமான கார் து நோர் வரை போய்வரச் சப்பாத்து மாட்டினாலும், எபினேயில் குடியிருக்கும் மகள் வந்திருந்தால் சும்மா விடமாட்டாள்.

“அப்பா, முப்பத்து மூண்டு கையெழுத்தும் இருக்கோ?”

போய் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். கடைசிக் கையெழுத்தை மட்டும் இரண்டு முறை பார்ப்பேன்.