ஏழு வெறுங்கதிரைகளும் மணியம் அண்ணையும்

வந்தவர் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. இந்த வியாதி ஆக்லாந்து லின்ஃபீல்டில் எங்கள் வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அயர்லாந்துவரை போய்விட்டது.

அதே நகரத்தின் மாஸி பகுதியில் இருக்கும் என் தோழி ஓர்லா ஐரிஷ் ஓவியர். தன் நாட்டுக் கலைஞர்களுக்கு ஒரு கை கொடுக்கவேண்டும் என்று ஆக்லாந்தில் கண்காட்சி வைக்கக் கிளம்பினாள். "கியூரேட்டர் வேலையையும் நாங்களே பார்ப்போம், நீயும் வா" என்றாள். இருபது வருடமாகப் படம் கீறும் என்னை அதுவரை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. உடனே ஓம் என்றுவிட்டேன். (கியூரேட்டர் என்றால் கண்காட்சிக்குப் படைப்புகளைத் தேர்ந்து ஒழுங்குபடுத்துபவர் என்பதை வீட்டுக்கு வந்துதான் தேடிப் பார்த்தேன்.)

முக்கியமான படைப்பு அயர்லாந்தின் கார்க் நகரத்துக் கலைஞர் நோராவினுடையது. ஏழு பழைய மரக்கதிரைகள். ஊரைவிட்டுப் போய்த் திரும்பாத ஏழு பேர் உட்கார்ந்திருந்தவை. அவை வெறுமையாக இருப்பதுதான் கலை. யாரும் உட்காரக்கூடாது என்ற நிபந்தனைக்குக் கீழே கையெழுத்துப் போட்டவன் நான். திறப்பு நாளில் நோரா வீடியோவில் பார்ப்பார். திருப்தியென்றால் கார்க்கில் நடக்கும் அடுத்த கண்காட்சியில் என் படத்தை வைப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த ஆசையில் ஒரு கிழமையாக எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

சனம் வராதோ என்று பயந்து, கண்காட்சி நடந்த த்ரீ கிங்ஸ் மண்டபத்துக்கு எங்கள் தமிழ் ஆட்கள் நாற்பது பேரை அழைத்தேன். நாற்பது பேரும் வந்தார்கள், அதுவும் நேரத்துக்கு. (இதை நான் எதிர்பார்க்கவில்லை.) ஐரிஷ்காரர்கள் கையில் கிளாஸோடு நின்றே கதைத்தார்கள். எங்கள் ஆட்கள் கையில் ரோல்ஸ் பலகாரத்தோடு இருக்க இடம் தேடினார்கள்.

மனைவி சுமதி பக்கத்தில் வந்தாள். "என்னப்பா, வந்த சனம் நிக்குது. அங்க ஏழு கதிரை சும்மா கிடக்குது."

"அது கலை, சுமதி."

"மணியம் அண்ணைக்கு முழங்கால் ஏலாது. கலையைப் பிறகு பாக்கலாம்."

சுவரில் சாய்ந்திருந்த எங்கள் அயல்வீட்டு மணியம் அண்ணை, "எனக்கொண்டும் இல்லைத் தம்பி, நான் நிப்பன்" என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. கையெழுத்துப் போட்ட அதே கையால் ஒரு கதிரையைத் தூக்கி வந்து, "இருங்கோ அண்ணை" என்றேன். மற்ற ஆறுக்கும் நான் பொறுப்பில்லை. ஒருவர் இருந்தால் மற்றவர்களும் இருப்பார்கள்தானே. 'உட்கார வேண்டாம்' என்ற அட்டையின்மேல் யாரோ தேத்தண்ணிக் கோப்பையை வைத்திருந்தார்கள்.

ஓர்லா திரையைப் போட்டாள். நோராவின் முகம் தெரிந்ததும் படாரென்று ஒரு சத்தம். கதிரையின் பின்கால் போய்விட்டது. மணியம் அண்ணை தரையில், ரோல்ஸ் மட்டும் கையில் பத்திரமாக.

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. "யார் அவர்?" என்று நோரா கேட்டார்.

மணியம் அண்ணை கிடந்தபடியே கையை ஆட்டி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "நான் மணியம். என் ஊர் கோப்பாயை விட்டு வந்து முப்பத்தைந்து வருடம், இன்னும் திரும்பிப் போகவில்லை. கதிரை நல்ல கதிரை, நான்தான் பாரம்" என்றார்.

நோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அந்தக் காலை ஒட்டவேண்டாம். அப்படியே அனுப்புங்கள்."

அனுப்பினோம். என் படத்தையும் சேர்த்துத்தான். படம் திரும்பி வந்துவிட்டது. கதிரை கார்க்கில் உடைந்தபடியே காட்சிக்கு இருக்கிறது. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'உடைத்தவர்: மணியம், லின்ஃபீல்ட்.' அண்ணை அதன் ஃபோட்டோவை ஃபோனில் வைத்துக்கொண்டு, கலியாண வீடுகளில் தன்னை ஐரிஷ் கலைஞர் என்று அறிமுகப்படுத்துகிறார்.

நான் தூரிகையை எடுக்கும்போதெல்லாம் சமையலறையிலிருந்து சுமதியின் குரல் வரும். "ஏனப்பா வீணா மினக்கெடுறியள்? போய் ஏதாவதொண்டை உடையுங்கோவன்."