ரிஜிஸ்தரில் என் பெயர்

லூபோக் சீனா,
14.3.1956

சுங்கை ரம்பாயில் கடையும் குடும்பமுமாகச் செழித்திருக்கும் மச்சான் பெரியதம்பி அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இருபத்தோரு வருஷமாக உங்களுக்குக் கடிதம் எழுதிவரும் எஸ்டேட் டிஸ்பென்சரி டிரஸ்ஸர் சாமிக்கண்ணு வணக்கத்தோடு எழுதுவது. இவ்விடம் நான், ராஜம்மா, கோழிகள் யாவரும் நலம். அவ்விடம் அக்காவின் முழங்காலுக்குப் போன மாதம் அனுப்பிய தைலம் தேய்ப்பதற்கே தவிர குடிப்பதற்கல்ல என்பதை மறுபடியும் தெரிவித்துக்கொள்கிறேன்.

நிற்க, விஷயம் உங்கள் தங்கையின் படிப்பைப் பற்றியது. மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு, முப்பத்தெட்டு வயதில், ஆசிரியர் பயிற்சிக்குப் போகிறேன் என்று அவள் கிளம்பியது உங்களுக்குத் தெரியும். வகுப்பிலேயே மூத்தவள் இவள்தான். முதல் நாள் இவளைப் பாடம் நடத்த வந்த அம்மா என்று நினைத்து எல்லாரும் எழுந்து நின்றார்களாம். முதல் மாதம் எங்கள் எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழக வேண்டும், இரண்டாம் மாதம் மலாக்கா டவுனில் இடைநிலைப்பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்கு. அது முடிவதற்குள் ஆரம்பப்பள்ளியா, இடைநிலையா என்று விண்ணப்பப் பாரத்தில் ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் போட்டதுதான், பிறகு மாற்ற முடியாது. வருகிற திங்கட்கிழமை கடைசி நாள்.

முதல் மாதம் அவள் வீட்டுக்கு வந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தலையெல்லாம் சாக்பீஸ் தூள், சேலையில் எவனோ மூக்கைத் துடைத்த அடையாளம், வாயெல்லாம் சிரிப்பு. எனக்குச் சோறு போடுவதே பாட்டோடுதான், நானும் சேர்ந்து கையைத் தட்டாவிட்டால் குழம்பு வராது. இரண்டாம் மாதம் டவுனுக்குப் போக ஆரம்பித்தாள், வீட்டில் பேச்சே நின்றுபோயிற்று. அங்கே பையன்களுக்கு மீசை முளைத்திருக்கிறதாம். காலையில் பஸ் ஏறும் முன்பே வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள், நான் ஓமத் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்பிவைக்கிறேன். அப்படியிருந்தும் இடைநிலை என்றுதான் எழுதுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் மதிப்பு என்று நீங்கள் தீபாவளிக்குச் சொல்லிவிட்டுப் போனதுதான் காரணம் என்று நினைத்து, உங்களை இரண்டு நாள் மனதுக்குள் திட்டினேன். மன்னிக்க வேண்டும்.

உண்மைக் காரணம் நேற்றுத்தான் தெரிந்தது. ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டும் முனியாயி தன் ஏழு வயது மகனை இழுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தாள். பையன் காலில் பிரம்புத் தடிப்பு. அடித்தவளே மருந்தும் போடச் சொல்கிறாள். போன மாதம் முழுக்க ஒரு நாள்கூட அவன் பள்ளிக்கு வரவில்லை என்று ரிஜிஸ்தரில் இருக்கிறதாம், ஆபீசில் கூப்பிட்டுச் சத்தம் போட்டார்களாம். நான் களிம்பு தடவும்போது பையன் மெதுவாகச் சொன்னான்:

“நான் முன்வரிசையிலதான் உக்காந்திருந்தேன். டீச்சர் எல்லாரு பேரையும் கூப்பிட்டாங்க. என் பேர மட்டும் கூப்பிடவே இல்ல. கூப்பிட்டாத்தானே எந்திரிக்க முடியும்?”

முனியாயி, “வாயத் தொறந்தா பொய்லா, டிரஸ்ஸரே” என்று மறுபடியும் கையை ஓங்கினாள். நான் பையனிடம் பேர் கேட்டேன். சாமிக்கண்ணு என்றான். போன மாதம் அந்த வகுப்புக்கு டீச்சர் ராஜம்மாதான். வெட்கத்தில் முனியாயியிடம் ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். அது என் தப்புதான்.

உங்கள் தங்கை என் பெயரைச் சொல்ல மாட்டாள் என்பது எஸ்டேட் முழுக்கத் தெரிந்ததுதான். எங்கள் வீட்டில் சாமி கும்பிடுவது கிடையாது, கோயில் கும்பிடுவதுதான். கண்ணாடி கிடையாது, முகம் பார்க்கிறதுதான். ஆனால் இது பள்ளிக்கூடம் வரை போகும் என்று நான் நினைக்கவில்லை. ராத்திரி கேட்டதில் எல்லாவற்றையும் சொன்னாள். உடல் உறுப்புப் பாடத்தில் காது, மூக்கு, வாய் என்று தொட்டுக் காட்டியவள், கண் வந்ததும் ‘இதாலதான் பாக்கிறோம்’ என்று தாண்டிவிட்டாளாம். அழுகிற பிள்ளையைக் கண்ணு என்று கூப்பிட முடியாமல், ‘அழாத மூக்கு, அழாத’ என்றாளாம். அந்தப் பையனை ‘அவங்க பேர்க்காரன்’ என்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள், யாருக்குப் புரியும்? பதில் சொல்லாத பிள்ளைக்கு வந்ததாகக் கோடு போடக் கூடாது என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தாராம், இவள் பொய்க்கோடு போட மாட்டாளாம். டவுன் பள்ளியில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. ரிஜிஸ்தரை வகுப்புத் தலைவன் கூப்பிடுகிறான். பாட்டில் கண் வந்தால் விழி என்று சொல்லிக்கொள்ளலாம். மச்சான், இதற்காகத்தான் அவள் இடைநிலைக்குப் போகிறாள்.

நானே அனுமதி கொடுக்கிறேன், சொல்லித் தொலை என்றேன். அழுதுவிட்டாள். ஐந்து வருஷத்துக்கு முன் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுக்காரர்கள், குண்டடிபட்ட ஒருவனுக்குக் கட்டுப் போட என்னைக் கூட்டிப்போய் இரண்டு நாள் வைத்திருந்தார்களே, நினைவிருக்கிறதா? அப்போது போலீஸ் சார்ஜன் பேர் கேட்டதற்கு இவள் வாயைத் திறக்காமல் என் அறை போர்டைக் காட்டினாள். அவரும் காணாமல் போனவர் பெயர் டிஸ்பென்சரி என்று எழுதிக்கொண்டார்.

“பேரச் சொல்லாம இருந்தேன், நீங்க திரும்பி வந்தீங்க. இப்ப ஒரு கோட்டுக்காகச் சொல்லிட்டு, நாளைக்கு ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்?” என்றாள்.

இதற்கு என் அலமாரியில் மருந்து கிடையாது.

கல்யாணத்தன்று, புருஷன் பேரை வாயில் எடுக்காதே என்று அவளுக்குச் சொல்லி அனுப்பியது நீங்கள்தானாம். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை நீங்களே வந்து, சொன்னால் ஒன்றும் ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகளோடு இருக்க வேண்டியவளை என் பெயர் தடுக்கிறது என்றால், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அடையாளக் கார்டை மறக்காதீர்கள். நாங்கள் எல்லைப்புறத்தில் இருப்பதால் இங்கே அவசரகாலக் கம்பிவேலியும் சோதனையும் இன்னும் போகவில்லை. போன தடவை போல் கருவாடு கொண்டுவராதீர்கள், காட்டுக்காரர்களுக்குப் போகும் என்று கேட்டில் பிடுங்கிக்கொள்வார்கள்.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி, முழங்காலுக்கு ஓய்வு.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
மா. சாமிக்கண்ணு

பி.கு.: வியாழக்கிழமை மாலை. மச்சான், நீங்கள் வர வேண்டாம். இன்று முனியாயி மறுபடியும் மிரட்டியதில் பையன் நாலு மணிக்கே வேலிக்கு வெளியே ரப்பர் மரங்களுக்குள் போய்விட்டான். ஆறு மணிக்குக் கேட்டை அடைத்துவிடுவார்கள். அதற்குமேல் வெளியே யார் நடமாடினாலும் சுடலாம் என்று உத்தரவு. ஐந்தே முக்கால் வரை ஆளாளுக்குக் கூப்பிட்டும் பதிலில்லை. டவுன் பஸ்ஸை விட்டு இறங்கிய ராஜம்மா விஷயத்தைக் கேட்டாள், குடையைக் கீழே போட்டாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

“சாமிக்கண்ணு. டேய், சாமிக்கண்ணு. டீச்சர் கூப்பிடுறேன், வாடா கண்ணு.”

பையன் ஒரு மரத்துக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்று, “உள்ளேன் டீச்சர்” என்றான். முனியாயியிடம் ராஜம்மாவே எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் பாரத்தில் ஆரம்பப்பள்ளி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். இப்போது ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

ஒன்றை உங்களிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அவள் குரல் கேட்டபோது நான் கேட்டில் நின்று, இன்னும் பத்து நிமிஷம் கொடுங்கள் என்று சார்ஜனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டது என்னை இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இருபத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாயால் என் பெயரைக் கேட்கிறேன், மச்சான். பையன் சொல்லும் முன்பே ‘உள்ளேன்’ என்றது நான்தான்.