தட்டைத் தட்டிப் பார்ப்பவர்

பார்த்ததும் சொல்லிவிடுகிறவர்கள் என்று ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. மருத்துவர்கூட நாக்கை நீட்டச் சொல்லி, வயிற்றை அமுக்கி, ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பி, அதற்குப் பிறகும் கொஞ்சம் இழுத்துத்தான் பேசுவார். இவர்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. பொருளின் மேல் பார்வை விழும்போதே வாயிலிருந்து தீர்ப்பு விழுந்துவிடும்.

இந்த இனத்தில் விளக்கு சாரைவிடச் சுத்தமான மாதிரி உங்களுக்குக் கிடைக்க மாட்டார். குடிநீர் அலுவலகத்தில் முப்பது வருஷம் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர், மறுநாளே பழைய பெட்ரோமாக்ஸ் விளக்குகளில் விழுந்தார், இன்னும் எழுந்திருக்கவில்லை. அதிலும் விளக்கு முழுவதும் அவருக்கு வேண்டாம். வெளிச்சத்தைக் கீழே இறக்குவதற்காக விளக்கின் தலையில் தொப்பி மாதிரி அகலமாக ஒரு எனாமல் தட்டு மாட்டியிருக்குமே, மேலே பச்சை, அடியில் வெள்ளை, அதுதான் அவருடைய ராஜ்ஜியம். யாராவது ஒரு தட்டைக் கொண்டுவந்தால் நகத்தால் தட்டுவார், காதருகே வைத்துக் கேட்பார், விளிம்பு மடிப்பைத் தடவுவார், நடுத் துளையில் கட்டைவிரலை விட்டு அளப்பார், கண்ணை மூடித் திறப்பார். "ஐம்பதுக்கு முன்னாடி" என்பார். ஏன் ஐம்பது? கேட்கத் துணிந்தவர் இதுவரை இல்லை.

ஒரு திங்கட்கிழமை, அடுத்த தெருத் தையல்காரர் கரி பிடித்த தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார்.

"சார், கரியை மட்டும் பதமா எடுத்துக் குடுங்க. அதுல எங்கப்பா..."

"அப்பா காலத்துதான். பார்த்தாலே தெரியுதே."

"இல்ல சார், மேல் பக்கத்துல..."

"மேல் பக்கம் பச்சை. கரிக்கு அடியில இருக்கு. சனிக்கிழமை வாங்க."

தையல்காரர் வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டே வாழ்நாளைக் கழித்தவர். பேசாமல் இருப்பது அவருக்குப் பழக்கம். போய்விட்டார்.

மறுநாள் கொல்லைப்புறத்தில் வேலை தொடங்கியது. எனாமல் என்பது இரும்பின் மேல் உருக்கிப் படியவைத்த கண்ணாடி. வெந்நீரும் சோப்பும் மெல்லிய துணியும் கொஞ்சம் பொறுமையும் போதும். இதை விளக்கு சாரின் மனைவி எங்கும் படிக்கவில்லை.

"நம்ம வீட்டுப் பீங்கான் தட்டையெல்லாம் சோப்புத் தண்ணியிலதானே கழுவறோம்?"

"அது தட்டு. இது ரிஃப்ளெக்டர்."

ரிஃப்ளெக்டருக்குக் காஸ்டிக் சோடா கரைத்த வாளி தயாரானது. பிறகு இரும்பு நார். கரி கழன்று வரும்போது பச்சையின் மேல் மஞ்சளாக ஏதோ நெளிவது வாளியைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவிக்குத் தெரிந்தது. படித்துப் பார்க்க மூக்குக்கண்ணாடி அடுக்களையில் இருந்தது.

"ஏதோ எழுதியிருக்கிற மாதிரி இருக்குங்க."

"பின்னாடி எவனோ பூசின பெயிண்ட். ஒரிஜினல் இல்ல." அதையும் அழுத்தித் தேய்த்தார். மஞ்சள் போனது. கூடவே எனாமலின் பளபளப்பும் போனது. அதைக் கேட்டிருந்தால், பழைய எனாமல் அப்படித்தான் மங்கலாக இருக்கும் என்றிருப்பார்.

சனிக்கிழமை மத்தியானம் தையல்காரர் வந்தார். கூடவே இரண்டு அம்மாக்கள். அதே மூக்கு, அதே நரை, அதே நடை. தையல்காரரின் அக்காக்கள், இரட்டைப் பிறவிகள். வயது அறுபத்திரண்டு.

"எங்கப்பா கல்யாண வீடுகளுக்கு விளக்கு வாடகைக்கு விட்டவரு," என்று மூத்தவர் ஆரம்பித்தார். "நாங்க பிறந்தப்போ மருத்துவச்சிக்கு வெளிச்சம் காட்டினது இந்த விளக்குதான். யாரு முதல்ல, யாரு அடுத்துன்னு அப்பவே இந்தத் தட்டு மேல பெயிண்ட்ல எழுதி வச்சாராம்."

"அம்மா சொன்னாங்கன்னுதான் இவளை நான் அக்காங்கறேன்," என்றார் இளையவர். "அம்மாவுக்கு அன்னிக்குப் பாதி மயக்கம். அப்பா எழுத்தைப் பார்த்துட்டா எனக்கு நிம்மதி."

நடந்ததைச் சொல்லிவிடலாமா? விளக்கு சாருக்கு அந்த எண்ணம் வந்தது. உட்கார இடம் கிடைக்காமல் திரும்பிப் போனது. தட்டை எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்தார். நகத்தால் தட்டினார். கண்ணை மூடினார்.

"எழுத்து மங்கலா இருந்துச்சு. வேற யாராலயும் படிச்சிருக்க முடியாது. நான் படிச்சேன்." பார்வை போன இடத்தில் இளையவர் உட்கார்ந்திருந்தார். "நீங்கதாம்மா முதல்ல."

ஜெயித்தவர் முகத்தில் சிரிப்பைக் காணோம். அதுவரை மூத்தவராக இருந்தவர் முந்தானை நுனியை விரலில் சுற்றினார்.

"சின்னவளுக்குக் குடு, சின்னவளுக்கு விட்டுக்குடுன்னு சொல்லியே வளர்த்தாங்க. நல்ல பாவாடை, ஜன்னலோரம், மேல்படிப்பு. நானும் குடுத்தேன். மனசாரத்தான் குடுத்தேன். அப்போ அதெல்லாம் என்னன்னு எடுத்துக்கறது?"

அடுக்களை வாசலிலிருந்து விளக்கு சாரின் மனைவி வந்தார்.

"அம்மா, இவரு எதையும் படிக்கல. செவ்வாய்க்கிழமை காஸ்டிக் சோடா போட்டு எல்லாத்தையும் தேய்ச்சுட்டாரு. வாளியைப் பிடிச்சது நான்தான். என்னை மன்னிச்சுடுங்க."

"அதாவது, ஒரிஜினல் எனாமலைக் காப்பாத்தணும்னா..." என்று தொடங்கினார் விளக்கு சார்.

மூத்தவர் கையை உயர்த்தினார். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எங்கள்ல யாரு மூத்தவன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

விளக்கு சார் வாயைத் திறந்தார். நாக்கு மேலே போனது, கீழே வந்தது. "இப்போதைக்கு உறுதியா சொல்றதுக்கில்ல" என்றார்.

மூத்தவர் எழுந்தார். "எழுந்திரு. போகலாம்."

"சரிக்கா," என்று இளையவர் எழுந்தார்.

தையல்காரர் தட்டைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு பின்னால் நடந்தார்.

விளக்கு சாருக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவரையும் கொஞ்சம் மனிதராக நினைத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறைக்குள் அந்த ஒரு சொல்லைப் பழகிப் பார்த்ததாக மனைவி சொல்கிறார். 'தெரி' வரைக்கும் நன்றாகவே வந்ததாம். அதற்கு மேல் ஒவ்வொரு தடவையும் 'யும்' என்றே முடிந்ததாம்.

பாவம் அந்த ஆள் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாளைக்கோ நாளன்றைக்கோ தெருவில் யாரோ ஒருவர் உங்களை நிறுத்தி வழி கேட்பார். அவர் சொல்லும் இடத்தை நீங்கள் கேள்விப்பட்டதே இருக்காது. அந்த நொடியில் உங்கள் வலது கை எங்கே போகிறது என்று மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.