எங்கட வீட்டுப் பிரெஞ்சுப் பஞ்சம்

முதலே ஒண்டைச் சொல்லிப்போடுறன். பிரெஞ்சு விவசாயிகளைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. பாரிசிலை சித்தின்ரை மகளின்ரை கலியாணத்துக்குக் கோச் பஸ்ஸிலை போகேக்கை ஜன்னலாலை கொஞ்ச மாடு பாத்தன். அவ்வளவுதான். அதை நம்பி ஒரு படமே எடுத்தன். (கொழுப்பு எண்டால் அது!)

யூனியிலை கடைசி வருசம், பைனல் புரொஜெக்ட். அக்கவுண்டன்சி படி எண்டு வீடே கத்தக் கத்த, சண்டை பிடிச்சு சினிமா படிக்கப் போனவள் நான். படம் ஊத்திக்கொண்டால் டிகிரி இல்லை. அதுக்குப் பிறகு வீட்டிலை வாயே திறக்கேலாது.

"உன்ரை வீட்டுக் கதையை எடு" எண்டு லெக்சரர் மனிசி சொன்னவ. ரெய்னர்ஸ் லேனிலை இருக்கிற எங்கட வீட்டிலை என்ன கதை கிடக்கு? நான் உலக சினிமா எடுக்கப் பிறந்தவள்! என்ரை கதை: நொடிஞ்சுபோன பிரெஞ்சு விவசாயக் குடும்பம். மேசையிலை காய்ஞ்ச பாண் துண்டு, தண்ணிச் சூப். பண்ணையை வாங்க ஒரு பணக்காரன் வாறான். விவசாயி பேசாமல் சாவியைக் குடுக்கிறான். வகுப்பே அழோணும். வசனமே இல்லை. (ஒருத்தருக்கும் பிரெஞ்சு தெரியாது, அது வேற விசயம்.)

அப்பா விவசாயி, அம்மா அவரின்ரை மனிசி. பணக்காரன், அம்மான்ரை தம்பி ரவி மாமா. கமராவைப் பின்னேரம் யூனியிலை திருப்பிக் குடுக்கோணும். அதுக்குள்ளை முடிச்சே ஆகோணும்.

"அம்மா, சங்கிலியைக் கழட்டுங்கோ. நீங்கள் ஏழை."

"ஆரடி ஏழை? இதை உன்ரை மாமி பாப்பா. சனம் என்ன சொல்லும்?"

சரியெண்டு மேலாலை ஒரு சால்வையைப் போர்த்துவிட்டன். கமரா ஓடினவுடனை அந்தச் சால்வை வழுக்கி விழும். (தானாத்தானாம்!)

மாமா கதவைத் திறந்து உள்ளை வந்தார். அம்மா எழும்பிக் குசினிக்குப் போறா.

"கட்! எங்கை போறியள்?"

"வந்த ஆளுக்குத் தேத்தண்ணி போட."

"அம்மா, அவன் உங்கட பண்ணையைப் பறிக்க வந்தவன்!"

"அதுக்கு? வெறும் வாயோடையே அனுப்புறது?"

அடுத்த டேக்கிலை காய்ஞ்ச பாணுக்குப் பக்கத்திலை ஒரு தட்டு மீன் ரோல்ஸ், வடை. நான் எடுத்து ஒளிச்சன். அதுக்கடுத்த டேக்கிலை திரும்பவும் வந்திட்டுது. பண்ணையைப் பறிக்க வந்தவர் வாய் நிறைய ரோல்ஸோடை, "அக்கா, சோஸ் இருக்கோ?"

வேற ஆளெண்டால் அதோடை கமராவை மூடியிருக்கும். நானா? விடமாட்டன்! ரோல்ஸோடையே எடுப்பம் எண்டு கடைசி சீனுக்குப் போனன்.

அப்பா பிரெஞ்சுத் தொப்பியோடை பண்ணைச் சாவியெண்டு எங்கட வீட்டுத் திறப்பையே கையிலை வச்சுப் பாத்துக்கொண்டு நிண்டார். சத்தியமாக் கண் கலங்கிச்சு. எனக்கு மெய் சிலிர்க்குது. மாமா கையை நீட்டினார். அப்பா திறப்பைப் பொக்கற்றுக்குள்ளை போட்டார்.

"விக்கேல்லை."

மாமா "சரி அத்தான், வச்சிருங்கோ" எண்டு அடுத்த வடையை எடுத்தார்.

"அப்பா! கதையிலை நீங்கள் விக்கிறியள்!"

"கதையை மாத்து பிள்ளை. கஷ்டமெண்டால் ரெண்டு ஷிப்ட் கூடச் செய்யலாம். இருக்கிற வீட்டை ஏன் விக்கிறது?"

வெளியிலை இருண்டிட்டுது. கமராவைத் தூக்கிக்கொண்டு ட்ரெயினுக்கு ஓடினன். கிடைச்சதை வெட்டி ஒட்டி, சோகமான வயலின் ஒண்டைப் போட்டு, இங்கிலீஷிலை சப்டைட்டிலும் அடிச்சுக் குடுத்தன்.

வகுப்பிலை படத்தைப் போட்டுக் காட்டினவை. ரோல்ஸ் தட்டு வந்தவுடனை முதல் சிரிப்பு. சால்வை விழுந்து சங்கிலி மின்ன ரெண்டாவது. "விக்கேல்லை"யிலை ஹோலே கவிண்டுது. நான் கதிரைக்குக் கீழை போய்க்கொண்டிருக்கிறன். லெக்சரர் கண்ணைத் துடைச்சுக்கொண்டு (அழுகை இல்லை) கேட்டா: "எல்லாம் சரி, இந்தக் குடும்பத்துக்கு அப்பிடி என்னதான் கஷ்டம்?"

எழும்பி நிண்டன். "கஷ்டமே இல்லை. இது காமெடி. முதல்லையிருந்தே அதுதான் என்ரை பிளான்." முகத்திலை ஒரு தசைகூட அசையேல்லை. அந்தப் படத்திலை ஒழுங்கா நடிச்ச ஒரே ஆள் நான்தான்.

பாஸ் பண்ணிட்டன்.

பட்டமளிப்புப் போட்டோ இப்ப எங்கட ஹோலிலை தொங்குது. ஆனால் வீட்டிலை ஒருத்தரும் அதைப் பற்றிக் கதைக்கிறேல்லை. மாமா ஒவ்வொரு ஞாயிறும் பெல் அடிச்சிட்டு கதவிலை இருக்கிற லெட்டர்பொக்ஸ் ஓட்டையிலை வாயை வச்சுக் கத்துறார்: "பண்ணை விக்கிறியளோ?"

உள்ளையிருந்து அப்பா: "விக்கேல்லை! வந்து சாப்பிடு!"

அம்மா அதுக்குள்ளை ரோல்ஸை எண்ணெயிலை போட்டிடுவா.