இரண்டு வாரத்துக்கு என்று விட்டுப்போன ராணுவ லாரி

அன்பும் மதிப்பும் உள்ள அண்ணனுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். வலது மணிக்கட்டைக் கணக்கில் சேர்க்காவிட்டால் உங்கள் மாப்பிள்ளையும் நலம். எங்கள் முன்வாசலில் நீங்கள் விட்டுப்போன ராணுவ லாரி எங்கள் இருவரையும்விட நலம். அண்ணியும் நீங்களும் எந்தக் குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்; குறைகளை எல்லாம் இங்கே இறக்கிவிட்டுப் போய்விட்டதால் அங்கே மிச்சம் இருக்க வாய்ப்பில்லை.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தால் உங்களுக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்த வசதி கிடையாது.

நீங்கள் அனுப்பிய செய்தி கிடைத்தது. பழைய வண்டிகளின் கண்காட்சியில் லாரியை நிறுத்தப்போவதாகவும், ஞாயிறு காலை டிரைவரை அனுப்புவதாகவும், வண்டியைக் கழுவித் துடைத்து வைக்கும்படியும் எழுதியிருந்தீர்கள். கூடவே அழைப்பிதழின் படமும் இருந்தது. லாரிப் படத்துக்குக் கீழே உங்கள் பெயரைப் போட்டு, "சொந்த உழைப்பில் சீரமைத்தவர்" என்று அச்சடித்திருக்கிறார்கள். அந்தப் படத்தை எடுத்தது நான். முன் சக்கரத்துக்குக் கீழே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும், பெரிதாக்கிப் பாருங்கள். அவை உங்கள் கால்கள் இல்லை.

ஏலத்தில் எடுத்தேன் என்று அந்த வண்டியைக் கிரேனில் தொங்கவிட்டுக் கொண்டுவந்த நாள் எனக்கு மறக்கவில்லை. எங்கள் கேட்டைக் கழற்றித்தான் உள்ளே விட முடிந்தது. கூடத்து ஜன்னலை மறைத்து அதை நிறுத்திவிட்டு, "ரெண்டே வாரம்மா, ஷெட்டுல இடம் காலியானதும் எடுத்துக்கறேன்" என்றீர்கள். பிறகு அவரைப் பார்த்து, "மாப்பிள்ளை, நீங்க சும்மாதானே இருக்கீங்க, ஒரு கண்ணு பாத்துக்குங்க" என்றீர்கள். அப்பாவையும் இதே வாசலில் இதே இரண்டு வாரத்துக்குத்தான் இறக்கிவிட்டீர்கள். அப்பா எங்கள் வீட்டை விட்டுப் போனபோது தன் காலால் போகவில்லை. அன்றைக்கு வந்தவர்களிடம் எல்லாம் முன்னால் நின்று, "கடைசி வரைக்கும் நல்லா வச்சுப் பாத்துக்கிட்டோம்" என்று சொன்னவர் நீங்கள்தான். நான் அப்போது உள்ளே அப்பாவின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, அது இருக்கட்டும். சும்மாதானே இருக்கீங்க என்றீர்களே, அது வண்டியின் எடையைவிட அதிகமாக அவர் மேல் ஏறியது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்தவர்தான். கணக்குப் பிரிவில் நாற்பது பேரை மேய்த்தவர், வீட்டில் ஒரு நாளைக்கு நான்கு வார்த்தை பேசினால் அதிகம், அதிலும் மூன்று "ம்". சாப்பிடலாமா என்றால் ம், உடம்புக்கு என்ன என்றால் ம், நான் செத்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன், அதற்கும் ம். உங்கள் லாரி வந்து ஜன்னலை அடைத்ததும் பேப்பர் படிக்க வெளிச்சம் இல்லாமல் போயிற்று. வேறு வழியில்லாமல் வெளியே போனார். போனவர் வண்டியைச் சுற்றி வந்து, அதன் மூக்கைத் தூக்கி உள்ளே பார்த்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது, "இதுக்குள்ள எலி குடும்பம் நடத்துது" என்றார். முழு வாக்கியம். நான் அதைக் கொண்டாடியிருக்க வேண்டும். ஏமாந்தேன்.

எங்கள் வீட்டில் இருந்த கருவிகளைச் சொல்கிறேன், கண்காட்சியில் யாராவது கேட்டால் உங்களுக்கு உதவும். ஒரு டெஸ்டர், ஒரு கட்டிங் பிளேயர், தலை கழன்று வரும் சுத்தியல், ஸ்கூட்டர் வாங்கியபோது கொடுத்த ஸ்பேனர்கள். அந்த லாரி இஞ்ச் கணக்கில் பிறந்ததாம், ஸ்பேனர்கள் மில்லிமீட்டரில் பிறந்தவை. பதின்மூன்று நுழையாது, பதினான்கு வழுக்கும். அவர் பதின்மூன்றை எடுத்து அரத்தால் ராவி ராவி அகலப்படுத்துவார், ஒரு போல்ட்டுக்கு ஒரு பகல் போகும். அதற்குள் என் சமையலறை ஒவ்வொரு சாமானாக வாசலுக்குக் குடிபோனது. புனல் போயிற்று, வடிகட்டி போயிற்று, இடுக்கி போயிற்று, துணி உலர்த்தும் கம்பி இக்னிஷன் ஒயரைத் தாங்கப் போயிற்று. ஒருநாள் நல்ல கரண்டி ஒன்றால் கியர் பெட்டியிலிருந்து கறுப்புக் களியை வழித்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னங்க இது என்றேன். "கழுவிக் குடுத்துடறேன்" என்றார். அண்ணா, நாங்கள் இப்போது சாப்பிடுவதில் எல்லாம் லேசாக கிரீஸ் வாசனை வரும். நீங்கள் வந்து சாப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

சக்கரத்தைக் கழற்றிய கதையைக் கேளுங்கள். வலது பக்கம் எப்படியோ வந்துவிட்டது. இடது பக்கம் ஒரு நட்டுகூட அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினார், கேஸ் அடுப்பின் குழாயை வாசல்வரை இழுத்துவந்து தீயால் சுட்டார், ஸ்பேனரில் பழைய தண்ணீர்க் குழாயை மாட்டி அதன் முனையில் ஏறி நின்றார். பிறகு என்னையும் ஏறி நிற்கச் சொன்னார். கல்யாணப் போட்டோவுக்குப் பிறகு நாங்கள் அவ்வளவு நெருங்கி நின்றது அன்றைக்குத்தான். குழாய் வளைந்து இருவரும் விழுந்தோம். வாரக்கணக்கில் இது நடந்தது. கடைசியில் பழைய பல் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்த நான்தான் கேட்டேன்.

"ஏங்க, இந்தப் பக்கம் எல்லா போல்ட்டு முனையிலயும் எல்-னு ஒரு எழுத்து அடிச்சிருக்கே, அது என்ன?"

"லெஃப்ட் சக்கரம்னு அர்த்தம்."

"அது அவங்களுக்கே தெரியாதா? எழுதி வச்சுத்தான் தெரிஞ்சுக்கணுமா?"

அவர் பிரஷ்ஷை வாங்கி அந்த முனையை இன்னொருதரம் தேய்த்தார். நெடுநேரம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்பேனரை மாட்டி எதிர்ப்பக்கமாகத் திருப்பினார். வெண்ணெய் மாதிரி வந்தது. இடது பக்கத்துக்கு மரை எதிராக வெட்டியிருக்கிறார்கள். அத்தனை வாரமும் நாங்கள் இருவரும் ஏறி நின்று, குதித்து, அதை இறுக்கிக்கொண்டிருந்தோம். அன்றிரவு அவர் படுக்கையில் தனியாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இடுப்பு வலி.

அடுத்து எழுதப்போவதை அண்ணிக்குப் படித்துக்காட்ட வேண்டாம். பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் கார் ஜாக்கியை இரவல் வாங்கி, அந்த மலையை அதன் மேல் நிறுத்திவிட்டு அவர் அடியில் படுத்திருந்தார். நான் உள்ளே பால் பாத்திரத்தைக் காணாமல் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். "நான் எடுக்கலை" என்று சொல்வதற்காக, மூக்குக் கண்ணாடியை அடியிலேயே வைத்துவிட்டு, சண்டைக்குத் தோதாக வெளியே வந்தார். வாசற்படியில் கால் வைத்தபோது ஜாக்கி நழுவியது. வீடு ஒருமுறை குலுங்கியது. கண்ணாடி இருந்த இடத்தில் மாவுதான் இருந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.  கொஞ்சம் கழித்து அவர் மெதுவாக, "பால் பாத்திரத்தை நான்தான் எடுத்தேன், கார்புரேட்டர் ஊறுது" என்றார். அன்று சாயங்காலம் எங்கள் பழைய கட்டிலை அறுத்து, கட்டைகளை நானே வண்டிக்கு அடியில் அடுக்கினேன். அதற்கு மறுநாள்தான் நீங்கள் போன் செய்து, "மாப்பிள்ளை, வேலை எந்த மட்டுல இருக்கு, தங்கச்சியை ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்க" என்று கேட்டது.

இறுகிக் கிடந்த எஞ்சினுக்குள் எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, வண்டியின் மூக்கில் மாட்டும் கைப்பிடியால் சுற்றியபோது அது ஒருதரம் எதிர்த்து உதைத்தது. அவர் மணிக்கட்டு போய்விட்டது. மாவுக்கட்டுப் போட்ட எலும்பு டாக்டர், "இந்த வயசுல என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டதற்கு, "ராணுவத்துல" என்றார் இவர். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு கை என்னுடையது, வாய் அவருடையது. பிளக்கைக் கழற்றியது நான், அதன் முனையில் தீப்பொறிக்கு இடைவெளி வைத்தது நான், ஒயரை இழுத்துக் கட்டியது நான். "அதை இல்லைம்மா, அதுக்குப் பக்கத்துல" என்பார். "எதுக்குப் பக்கத்துல?" என்பேன். "நான் சொல்றதுக்குப் பக்கத்துல" என்பார். முப்பத்தைந்து வருஷத்தில் பேசாமல் விட்டதை எல்லாம் அந்த எஞ்சினுக்கு மேல் குனிந்தபடி பேசித் தீர்த்தோம், முக்கால்வாசி திட்டு. மகள் வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?" என்று கேட்டுப் பயந்துபோய், சாப்பிடாமல் கிளம்பினாள்.

வண்டி கிளம்பிய நாளில் பிரேக் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் கிளம்பும் என்று இருவருமே நம்பவில்லை. கிளம்பிற்று. கியரில் வேறு இருந்தது. நேராகப் போய் மதில் சுவரைச் சாய்த்து, பல் டாக்டரின் காத்திருப்பு அறை ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளி நின்று, உள்ளே புகையை அனுப்பியது. பஞ்சு வைத்த வாயோடு ஒரு நோயாளி ஓடிவந்தார். டாக்டர் பின்னாலேயே வந்து, "ஊசி போடாமலே அவருக்கு மரத்துப் போச்சும்மா" என்றார். நல்ல மனிதர். ஜாக்கியை மட்டும் திருப்பிக் கேட்டார். பிறகு பிரேக் வேலை. நான் மேலே உட்கார்ந்து மிதிக்க, அவர் கீழே பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற, "மிதி", "மிதிச்சிட்டேன்", "விடாதே", "விடலை" என்று பொழுது சாயும்வரை தெருவே கேட்டது.

இப்போது வண்டி ஓடுகிறது. போன வாரம் தெருமுனை வரை போய்த் திரும்பினோம். கட்டுப் போட்ட கையோடு அவர்தான் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, எதிரே வந்தவர்களை எல்லாம் பகைவர்களைப் போல் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்குள் உங்கள் செய்தி. அழைப்பிதழை அவரிடம் காட்டினேன். உங்கள் பெயரை இரண்டுமுறை படித்தார். "அவர் வண்டிதானே" என்றார். மண்ணெண்ணெய் போட்டு, சோப்புப் போட்டு, நகத்து அழுக்கைக் குச்சியால் எடுத்து, ரொம்ப நேரம் கை கழுவினார். சாப்பிடலாமா என்று கேட்டேன். ம் என்றார்.

ஆகவே அண்ணா, வண்டியைத் தாராளமாகக் கொண்டுபோங்கள். இந்த வீட்டுக்கு மதில் இல்லை, கேட் இல்லை, கட்டில் இல்லை, நல்ல பாத்திரம் ஒன்றுமில்லை. தடுக்க ஆளும் இல்லை. சாவி அவரிடம் இருக்கிறது, டிரைவர் கேட்டால் கொடுத்துவிடுவார், கேட்டதை எல்லாம் கொடுத்துப் பழகிய குடும்பம் இது. கண்காட்சியில் மாலை போட்டால் குனிந்து வாங்கிக்கொள்ளுங்கள். இனிமேல் எங்கள் வாசலில் எதையும் இரண்டு வாரத்துக்கு இறக்க வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள். இந்தக் கடிதத்தை டிரைவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் பேரும் புகழும் சொந்தமாகச் சம்பாதித்து வாழ வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் உங்கள் மேல் மாறாத பாசமுள்ள
தங்கை

பி.கு.: டிரைவர் வந்து இரண்டு மணி நேரம் ஆகிறது. வண்டி கிளம்பவில்லை. போன வாரம் தெருமுனை வரை போன வண்டிக்கு இன்று உயிரே இல்லை. டிரைவர் காபி குடித்துவிட்டு, "இது இன்னைக்கு நகராதும்மா, ஐயாகிட்ட சொல்லிடறேன்" என்று கிளம்பத் தயாராகிவிட்டார். மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். டிரைவரையும் இனி அனுப்ப வேண்டாம், இப்போதைக்கு ஓடாது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் கட்டைவிரல் அளவில் ரோட்டர் என்று ஒன்று சுற்றும், அது இல்லாவிட்டால் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடைக்காது. அதை விடிவதற்கு முன் நான் கழற்றிவிட்டேன், இப்போது என் இடுப்பு முடிச்சில் இருக்கிறது. அவருக்குத் தெரியாது, நீங்களும் சொல்லக் கூடாது. கட்டுப் போட்ட கையோடு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, பெட்ரோல் வரும் வழியா, பேட்டரியா, ஒயரா என்று எனக்கு விளக்கிக்கொண்டே இருக்கிறார், வாய் மூடவில்லை. "சின்னத் தப்புதான், எங்கயோ இருக்கு, கண்டுபிடிச்சிடலாம்" என்கிறார். அவசரமில்லை, நிதானமாகத் தேடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.